கடுகின் இடது கண்

ஷாம்பு நுரை வலது கண்ணுக்குள் இறங்கியதும் கடுகு அந்தக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அழவில்லை. கையை முன்னால் நீட்டித் துழாவியபடி, "அம்மா, ஒரே புகையா இருக்கு. ஏதாவது எரியுதா?" என்று கேட்டாள்.

எதுவும் எரியவில்லை. குளிர்ந்த தண்ணீர்தான், குளியலறையில் ஆவிகூட இல்லை. துண்டை விரித்து அம்மா அவளுக்கு நேரெதிரே நின்றுகொண்டிருந்தாள். குழந்தையின் கை துண்டைத் தாண்டிப் போய்க் காற்றைப் பிடித்தது. அவளுடைய இடது கண் நன்றாகத் திறந்திருந்தது. கோணல் இல்லை, சிவப்பு இல்லை, ஒரு குறையும் சொல்ல முடியாத அழகான கண். அது அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றது. ஆனால் பார்க்கவில்லை.

துவட்டிவிட்டு, சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, விளையாட்டுப்போல அம்மா தன் உள்ளங்கையால் குழந்தையின் இடது கண்ணை மூடினாள். "இது எத்தனை விரல்?"

"மூணு. இப்ப ரெண்டு. இப்ப கட்டை விரல்." கடுகுக்குச் சிரிப்பு வந்தது.

கையை மாற்றி வலது கண்ணை மூடினாள். சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தை தலையைத் திருப்பியது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளியது. "மூடாதே. மூடினா உன்னைக் காணோம்."

ஆறு வயதுகூட நிரம்பாத பிள்ளை. இத்தனை நாளும் ஒற்றைக் கண்ணால்தான் ஓடியிருக்கிறாள், எழுத்துக் கற்றிருக்கிறாள், மாடிப்படி இறங்கியிருக்கிறாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கண்ணைப் பற்றித் தெரியாதவள் அல்ல அவள். நகரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் எல்லோரும் அவளை 'பதினேழக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழாம் எண் தடத்தை நெடுங்காலமாக அவள்தான் ஓட்டி வந்தாள். ஆற்றுப்பாலம், மருத்துவமனை வளைவு, சந்தைக்குள் நுழையும் அந்தச் சந்து என்று எல்லாமே அவளுக்கு மனப்பாடம். முதலில் கண்டக்டராகச் சேர்ந்து, பிறகு கனரக வாகன உரிமம் வாங்கி, "பொம்பளைக்கு இந்த ஸ்டியரிங் சுத்துமா?" என்று கேட்டவர்களை வாயடைக்க வைத்தவள். உரிமத்துக்காக அடிக்கடி கண் பரிசோதனைக்குப் போவாள். ஒரு கண்ணை மூடு, படி. மறு கண்ணை மூடு, படி. கடைசி வரிசை வரைக்கும் மடமடவென்று படித்துவிட்டு வருவாள். அதே எழுத்து அட்டையின் முன்னால் தன் பிள்ளையையும் நிறுத்திப் பார்க்கலாமே என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

கண் மருத்துவமனையில் குழந்தைகளைப் பார்ப்பதற்கென்று ஒரு பெண் மருத்துவர் இருந்தார். சொட்டு மருந்து விட்டு, காத்திருக்கவைத்து, விளக்கடித்துப் பார்த்தார். எதையும் அவசரமாகச் சொல்கிற ஆள் இல்லை.

"கண்ணுக்குள்ள நோய் எதுவும் இல்ல" என்றார். "ஆனா இடது கண்ணுல பவர் ரொம்ப அதிகம். வலது கண்ணுல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. சின்ன வயசுலேருந்து ஒரு கண்ணு தெளிவான படம் அனுப்புது, இன்னொண்ணு கலங்கலா அனுப்புது. மூளை கலங்கலானதை வேண்டாம்னு ஒதுக்கிடுச்சு. சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லுவாங்க."

"என் பொண்ணு சோம்பேறி இல்ல டாக்டர்."

"பேர் அப்படி. அவ மேல தப்பு இல்ல, உங்க மேலயும் இல்ல. ஒரு கண்ணு நல்லா இருந்தா குழந்தை எதையும் சொல்லாது. உலகமே இப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கும்."

"கண்ணாடி போட்டா சரியாயிடுமா?"

"கண்ணாடி படத்தைத் தெளிவாக்கும். முதல்ல கொஞ்ச மாசம் அதைப் போட்டுப் பார்ப்போம். அதுக்கப்புறமும் மூளை அந்தக் கண்ணைச் சேர்த்துக்கலன்னா, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் ஒட்டு போட்டு மூடணும். வேற வழியில்லாம அது இடது கண்ணால பார்க்கப் பழகும்."

"நல்ல கண்ணையா மூடணும்?"

"நல்ல கண்ணைத்தான். ஏழு, எட்டு வயசுக்கு மேல மூளை இவ்வளவு சுலபமா வளைஞ்சு கொடுக்காது. அப்புறமும் கொஞ்சம் பலன் கிடைக்கலாம். ஆனா இப்ப கிடைக்கற அளவு கிடைக்காது."

கண்ணாடி போட்டதில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது பாதியில் நின்றுவிட்டது. அதன் பிறகு ஒட்டு வந்தது. தோல் நிறத்தில், முட்டை வடிவத்தில், ஓரத்தில் பசை தடவிய துண்டு. தினமும் இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவது என்பதுதான் வீட்டில் பெரிய பிரச்சினையாகிவிட்டது. கடுகின் அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. விடியும் முன்பே அடுப்பின் முன்னால் நிற்க வேண்டும். மதியம் வந்து விழுந்தால் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவார். பதினேழாம் தடமோ மதியத்திலிருந்து இருட்டும் வரை. காலையில் பள்ளிக்கு ஒட்டோடு அனுப்பினால் மற்றப் பிள்ளைகள் பிய்த்துவிடுகிறார்கள். மிச்சம் இருந்தது பள்ளி விட்ட பிறகான நேரம். அந்த நேரத்தில் கடுகு டிப்போவில், ஓட்டுநர்களின் ஓய்வறையில்தான் இருப்பாள். ஒவ்வொரு நடை முடிந்து வரும்போதும் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். நேரக் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். கண்டும் காணாததுபோல விட்டுவிட்டார்.

ஒட்டை ஒட்டும்போதெல்லாம் ஒரு போர். கடுகு உதைப்பாள், கடிப்பாள், மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். ஒட்டிய பிறகு, அதட்டலாகப் பேசுகிற அந்த வாயாடிப் பிள்ளை அப்படியே அடங்கிப்போவாள். சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பாள். ஓய்வறை பெஞ்சில் உட்கார்ந்து படத்தின் மேல் மூக்கு உரசக் குனிந்து வண்ணம் தீட்டுவாள். ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா பஸ்ஸில் ஏறுவாள்.

"ரெண்டுல ஒண்ணு நல்லாத்தானே இருக்கு" என்றார் கணவர் ஒருநாள். "தெரியற பிள்ளையைக் குருடாக்கி உட்கார வைக்கறதுக்குப் பேர் வைத்தியமா?"

"நாலாவது வரிசை வரைக்கும் படிச்சிருக்கா. முன்னாடி பெரிய எழுத்துகூடத் தெரியல."

"அவ மூஞ்சியைப் பார்த்தியா நீ?"

பார்த்திருந்தாள். அடுத்த நாளுக்கான ஒட்டை எடுத்துப் பையில் வைத்தாள்.

அன்று மழை வரும்போல வானம் மூட்டமாக இருந்தது. அவள் வண்டியைக் கழுவுமிடத்திலிருந்து பின்பக்கமாக எடுத்து வரிசையில் நிறுத்த வேண்டியிருந்தது. தினமும் செய்கிற வேலை. இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் பார்த்தாள்; வழி காலியாக இருந்தது. கியரைப் போட்டு மெதுவாக நகர்த்தினாள்.

பஸ்ஸின் பக்கத் தகட்டில் யாரோ இரண்டு கைகளாலும் படபடவென்று அறைந்தார்கள். டிப்போவில் அப்படி அறைந்தால் ஒரே அர்த்தம்தான். அவள் கால் யோசிக்காமல் பிரேக்கில் விழுந்தது. கண்ணாடியில் மெக்கானிக் தம்பியின் முகம் தெரிந்தது. வெளிறிப்போயிருந்தது. அவன் கையை மட்டும் பின்பக்கம் காட்டினான்.

இறங்கி ஓடினாள்.

பஸ்ஸின் பின்புறத்தில், தகட்டின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு கடுகு நின்றுகொண்டிருந்தாள். வலது கண்ணில் ஒட்டு. அரிக்கிறது என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஓய்வறையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். வெளுத்துப்போன அந்தப் பஸ்ஸுக்கும் டிப்போவின் மதிலுக்கும் ஏறக்குறைய ஒரே நிறம். அவளுக்குப் பின்னால் ஓர் எட்டில் மதில் சுவர்.

"கழிவறைக்குப் போகணும்னு சுவரைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்" என்றாள் குழந்தை. "அப்புறம் சுவர் நகந்துச்சும்மா."

அம்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்து குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு அந்த ஒட்டைப் பிய்த்து எடுத்தாள். வேகமாகப் பிய்த்ததில் புருவ மயிர் நாலைந்து அதோடு வந்துவிட்டது. கடுகு வீல் என்று கத்தினாள். அம்மா அதைக் கசக்கித் தூர எறிந்தாள்.

மறுநாளிலிருந்து டிப்போவுக்குள் பிள்ளைகள் வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதைச் சொன்ன நேரக் கண்காணிப்பாளரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தையல்காரம்மா மாலை வரை பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். மீதமிருந்த ஒட்டுகள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. கணவரும் அவளும் அந்த மதிலைப் பற்றி ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை.

கடுகு பழைய கடுகாகிவிட்டாள். வீடு முழுக்க ஓட்டமும் கூச்சலும். அதைப் பார்த்து அம்மாவுக்கும் ஒரு நிம்மதி. ஆனால் வண்டியைப் பின்னால் எடுக்க மட்டும் முடியவில்லை. கண்டக்டரை இறக்கி, பின்னால் நிறுத்தி, "யாரும் இல்லையே? நல்லா பார்த்தியா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் நகர்த்துவாள்.

"அக்கா, நான் நிக்கறேன், நாய்கூட இல்ல" என்பான் கண்டக்டர்.

"இன்னொரு தடவை பாரு."

சில வாரங்கள் கழித்துக் கண் மருத்துவமனையின் முறை வந்தது. போகாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தாள். போனாள். ஒட்டு நிறுத்திய கதையைச் சொல்ல வாய் வராமல், குழந்தையை நேராக நாற்காலியில் ஏற்றினாள்.

வலது கண்ணை மூடினார் மருத்துவர். "படி பார்க்கலாம்."

கடுகு முதல் எழுத்தைப் படித்தாள். இரண்டாவது வரிசையில் ஒன்றைத் தடுமாறிச் சொன்னாள். மூன்றாவது வரிசையில் நின்றுவிட்டாள். கண்ணைச் சுருக்கினாள், தலையைச் சாய்த்தாள். "அங்க ஒண்ணும் எழுதலையே" என்றாள்.

அம்மா பின்னால் நின்று அந்த மூன்றாவது வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை போன முறை தட்டாமல் படித்த வரிசை அது.

"என்ன ஆச்சு?" என்று மருத்துவர் கேட்டார்.

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், மழை மூட்டம், மதில், தகட்டில் விழுந்த அடி, நகர்ந்த சுவர். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒட்டு போட்டிருக்கற நேரம் அவளுக்குப் பார்வை குறைவுதான்" என்றார் பிறகு. "அப்ப ரோடு, மாடிப்படி, வண்டி நிக்கற இடம் எதுவும் ஆகாது. கூடவே ஒருத்தர் இருக்கணும். இதை நான் முதல்லயே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும். உட்கார்ந்து செய்யற வேலையாக் குடுங்க. மணி கோக்கறது, படம் வரையறது, கதைப் புத்தகம். ஒட்டு வேண்டவே வேண்டாம்னா சொட்டு மருந்து ஒண்ணு இருக்கு. நல்ல கண்ணைக் கொஞ்சம் மங்கலாக்கும். சில குழந்தைங்களுக்கு அதுவும் நல்லா வேலை செய்யும். வெளிச்சத்துல கண்ணு கூசும், அவ்வளவுதான்."

"எதுவுமே செய்யலன்னா?"

"எதுவுமே செய்யலன்னா இடது கண்ணு இப்படியே நின்னுடும். நல்ல கண்ணு இருக்கற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தக் கண்ணுக்கு ஒரு நாள் அடி பட்டாலோ, ஏதாவது நோய் வந்தாலோதான் தெரியும். அப்ப இந்தக் கண்ணு கை குடுக்காது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கடுகு ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். எல்லாம் வலது கண் படித்தவை.

அன்று மாலை கணவர் எழுந்து முகம் கழுவி வந்ததும் அவள் எதிரே உட்கார்ந்தாள். "மறுபடியும் ஒட்டு போடப் போறேன்."

"அன்னிக்கு நடந்தது போதாதா உனக்கு?"

"அன்னிக்கு நடந்ததுக்குக் காரணம் ஒட்டு இல்லங்க. கண்ணை மூடிவிட்டு அவளைத் தனியா விட்டது நான். பயத்துல வைத்தியத்தையும் விட்டுட்டேன். தப்புக்கு மேல தப்பு."

"அடிபட்டிருந்தா?"

"அதைத்தான் நானும் தினம் நினைக்கறேன். நீங்க மட்டுமா?" அவள் குரல் உயர்ந்தது. "ஆனா மூணாவது வரிசையில ஒண்ணும் எழுதலன்னு சொல்றா. நான் அங்கேயே நின்னேன். எழுதியிருந்தது."

கணவரின் கையில் அடுப்புச் சூட்டின் பழைய தழும்புகள். அதையே தடவிக்கொண்டிருந்தார். "எந்நேரமும் யாராவது பக்கத்துல உட்காரணும்" என்றார் கடைசியில். "உன்னால எப்படி முடியும்?"

"பதினேழை விட்டுடறேன்."

அந்தத் தடம் அவளுக்கு எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் நேரக் கண்காணிப்பாளரிடம் போய், காலை முதல் ஷிப்ட்டில் ஓடும் தொழிற்பேட்டை வண்டியைக் கேட்டாள். குண்டும் குழியுமான சாலை; முழுத் தூக்கத்தில் ஏறி முழுத் தூக்கத்தில் இறங்கும் பயணிகள். மூத்த ஓட்டுநர் யாரும் ஏறிட்டுப் பார்க்காத தடம். "நெஜமாத்தான் கேக்கறீங்களா அக்கா? அது வண்டி இல்ல, உரல்" என்றார் அவர். வாங்கிக்கொண்டாள். ஆனாலும் டிப்போவில் பேர் மாறவில்லை. எண் மாறிய பிறகும் அவள் பதினேழக்காதான். காலையில் கடுகைப் பள்ளிக்குக் கிளப்பும் வேலை தையல்காரம்மாவுக்குப் போனது.

மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை சமையலறை மேசை. முதல் வாரம் பழைய போர்தான். கடுகு ஒட்டைப் பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்தாள். அம்மா இன்னொன்றை ஒட்டினாள். அதையும் பிய்த்தாள். இன்னொன்று. குழந்தை அழுது அழுது விக்கியது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மணி கோத்துக்கொண்டிருந்தாள். "நீ கெட்ட அம்மா" என்றாள் கடுகு. "சரி" என்றாள் அவள். "சிவப்பு மணியை எடு."

ஒருநாள் அம்மா பாத்திரம் தேய்க்கத் திரும்பிய நேரத்தில் மேசை அமைதியாகிவிட்டது. கையில் சோப்போடு உள்ளறைக்கு ஓடினாள். கடுகு கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தன் ஒட்டைக் கழற்றி, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் கண்மேல் மிகக் கவனமாக ஒட்டி முடித்திருந்தாள்.

அவர் எழுந்து, அதைக் கவனிக்காமலேயே சமையலறைக்கு வந்து தேநீர் ஊற்றினார். முதல் வாய் அளவு கோப்பைக்கு வெளியே விழுந்தது. "என்ன இது, ஒரு பக்கம் இருட்டா இருக்கு" என்று முகத்தைத் தடவினார். கடுகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள், அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அப்பா ஒட்டைக் கழற்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "எனக்கும் இதே கஷ்டம்தான். வா, யாரு நிறைய மணி கோக்கறாங்கன்னு பார்ப்போம்" என்றார். அதிலிருந்து வாரத்தில் சில நாள் அவர் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். தொழிற்சாலையிலிருந்து ஒரு பிடி மாவு கொண்டுவருவார். கடுகு இடது கண்ணால் அதில் எலி, ஆமை, பஸ் எல்லாம் செய்வாள். ஆமைக்கும் பஸ்ஸுக்கும் அதிக வித்தியாசம் இருக்காது.

முன்னேற்றம் ஒரே சீராக வரவில்லை. ஒரு முறை போனால் ஒரு வரிசை கூடியிருக்கும். அடுத்த முறை அதே இடத்தில் நிற்கும். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு வாரம் ஒட்டு போட முடியாமல் போனபோது அம்மாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அட்டையின் முன்னால் கடுகு வாயைத் திறக்கும்போதெல்லாம் பின்னால் நின்றபடி மூச்சை அடக்கிக்கொள்வாள். இழந்த வரிசைகள் திரும்பி வந்தன. ஐந்தாவது வந்தது. ஆறாவதில் பாதி வந்தது. எட்டு வயது தாண்டி ஒரு நாள் மருத்துவர், "இனி ஒட்டைக் கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். கண்ணாடியை மட்டும் விடக் கூடாது. நடுநடுவே வந்து காட்டிட்டுப் போங்க, திரும்ப இறங்காமப் பார்த்துக்கணும்" என்றார்.

"ரெண்டும் ஒண்ணாகாதா டாக்டர்?"

"இல்லம்மா. வலது கண்ணு அளவுக்கு இது வராது. தூரத்தைக் கணிக்கறது, பந்து பிடிக்கறது கொஞ்சம் சிரமமா இருக்கலாம். ஆனா இது இனிமே சும்மா இருக்கற கண்ணு இல்ல. இதை மட்டும் வெச்சுக்கிட்டும் அவ புத்தகம் படிப்பா."

முழுசாகக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் அவளுக்கு இருந்தது. அந்தச் சில வாரங்களை விடாமல் இருந்திருந்தால் ஒருவேளை ஆறாவது வரிசை முழுக்க வந்திருக்குமோ என்று கேட்டாள். "அதை யாராலயும் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். அந்தப் பதிலோடுதான் அவள் வீட்டுக்கு வந்தாள். கடுகு இன்றைக்கும் பந்தை எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் கை நீட்டுவாள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. விளையாட்டில் எப்போதும் நடுவராகிவிடுவாள், எல்லோரையும் அதட்டுவாள்.

தொழிற்பேட்டை வண்டியை அம்மா விடவில்லை. குழிகள் எங்கே இருக்கின்றன என்று இப்போது தெரியும். பின்னால் எடுக்கும்போது மட்டும் இன்னமும் யாராவது இறங்கி நிற்க வேண்டும். புதிதாக வந்த கண்டக்டர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

அண்மையில் ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் வண்டி கிளம்பக் காத்திருந்தபோது, முன் இருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையோடும் நாலு வயதுச் சிறுமியோடும் உட்கார்ந்திருந்தாள். சிறுமி படப் புத்தகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழக்கா கேட்காமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தாள். முடியவில்லை.

"தங்கச்சி, தப்பா நினைச்சுக்காதம்மா. பாப்பாவுக்கு ஒரு கண்ணை மூடி, அப்புறம் இன்னொரு கண்ணை மூடிப் பார்த்திருக்கியா?"

அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள். "என் பொண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கக்கா, போதும்."

"சரிம்மா" என்றாள் அவள். விசில் கேட்டது. வண்டியை எடுத்தாள்.

நான்கைந்து நிறுத்தம் தாண்டியதும் உள்கண்ணாடியில் தற்செயலாகக் கண் போனது. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், மகளின் ஒரு கண்ணைத் தன் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.